மலைமேல் உள்ள கருவிக்குக் காவல் யார்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நமது விழுப்புரம் மாவட்டத்தைப் படுத்திய பாட்டை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. பல ஊர்களில் மின்சாரம் நின்றது. தறிக்குழியில் நீர் புகுமுன் பாவை அறுத்து மேலே ஏற்ற நெசவாளிக்குச் சிறிது அவகாசம் வேண்டும். விதை மணிலா மூட்டையைப் பரணுக்கு ஏற்றக் குடியானவருக்கும் அதே அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் தருவது செய்தி ஒன்றேயாகும்.

"கைபேசிதான் வீட்டுக்கு வீடு இருக்கிறதே" என்று சிலர் கூறக்கூடும். கைபேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பி நிற்பதுதான். அதனடியில் உள்ள மின்கலம் ஓயுமட்டும் அது பேசும், பிறகு ஊமையாகிவிடும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தம் கருவியைக் கொண்டே தீவுகளின் நிலையை வெளியுலகுக்குத் தெரிவித்தார். அவர் சம்பளம் பெற்ற ஊழியரல்லர். தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, சொந்தச் செலவில் கருவி வைத்திருக்கும் ஆர்வலர் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இக்கூட்டத்தார் மலைகளின்மேல் 'ரிப்பீட்டர்' எனும் நிலையங்களை வைத்துப் பேணி வருகின்றனர். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் அத்தகையவை நிறுவப்பட்டதுண்டு. அதன் தத்துவம் செஞ்சிக்காரருக்கு எளிதில் விளங்கும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பெரும்பாலும் பார்வை செல்லும் வழியே செல்வன. ராஜகிரியின் இப்புறம் நிற்பவரின் கைக்கருவி அப்புறம் நிற்பவருக்கு எட்டாது. குறுக்கே பாறை நிற்கிறது. உச்சியில் ஒரு கருவி இருந்து, ஒரு அலைவரிசையில் கேட்டதை 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மற்றோர் அலைவரிசையில் அக்கணமே திருப்பிச் சொல்லுமானால், ஐந்து வாட் சக்தியுள்ள கைக்கருவியும் பல மைல் தூரம் பேசும். (ராஜகிரியிலேயே வைக்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோட்டை தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆயிற்று. வேறு குன்று பார்ப்பதே முறை. அது காப்புக்காடாயின் வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.)

கருவியை வைப்பது பெரிதன்று. இடி விழும், கம்பி வடத்தினுள் ஈரம் ஏறும், மின்கலம் வலுவிழக்கும், குரங்கு வடத்தைக் கடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் விடுமுறை நாளில், கருவிப் பையைத் தோளில் சுமந்து மலையேற வேண்டும். புயல் வராத ஆண்டில் அவரை நன்றி கூறி வரவேற்பவர் யாருமில்லை. நம்மைக் கவர்ந்தது இவ்வுழைப்பே. தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்பது வேறு. ஒரு சங்கத்தில் பாவு ஓட்டும் இயந்திரம் ஒன்று, ஒரு பெல்ட் வாங்காத காரணத்தால் மூன்றாண்டுகள் சாக்குப் போர்த்திக் கிடந்தது. இருப்புப் பதிவேட்டில் மட்டும் ஆண்டுதோறும் "நல்ல நிலையில்" என்றே எழுதி வந்தனர். அதில் நாமும் ஒருமுறை கையொப்பமிட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆகவே, சங்கங்கள் கருவி வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆள் தயாரிக்க வேண்டும் என்கிறோம். பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் இத்தேர்வுக்குச் செல்லலாம். வானொலித் தத்துவமும் விதிகளுமே பாடம். உயர்ந்த நிலை உரிமத்துக்கு மோர்ஸ் சங்கேதமும் தெரிந்திருக்க வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளில் பாலிடெக்னிக் படிப்பவர் பலர். அவர்களில் இருவர் உரிமம் பெற்றால், மழைக்காலத்தில் சங்கக் கட்டடத்தின் மாடியே ஒரு செய்தி நிலையமாகும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கிறோம். இவ்வலைகளில் வியாபாரம் பேசலாகாது. நூல் விலை, நெல் விலை, வண்டி வாடகை யாவும் விலக்கு. "காசு வராத காரியத்துக்குச் சங்கப் பணமா?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அக்கேள்வி நியாயமானதே. பங்கு மூலதனத்தில் கைவைக்க நாமும் சம்மதியோம். ஆனால் லாபத்திலிருந்து பொது நல நிதி ஒதுக்குவது எதற்காக? அதிலிருந்து இரு இளைஞரின் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் தருவதால் எந்தச் சங்கமும் நொடித்துவிடாது.

வரும் மகாசபையில் இதைப் பேசுங்கள். செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற ஐயம் எழுந்தால், அடுத்த தணிக்கை நாளில் நம்மிடமே கேட்கலாம்.