குட்டி யானைக்கு எவ்வளவு தீனி?

யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதல்ல என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமது ஊர் வணிகர்களில் பெரும்பாலோர் இன்று யானை கட்டித்தான் பிழைக்கிறோம். டாடா நிறுவனம் 2005-ஆம் ஆண்டு 'ஏஸ்' என்ற சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைசக்தி, முக்கால் டன் சரக்கு என்பதே அதன் கணக்கு. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பின்னர் அதைவிடப் பெரிய பொலேரோ பிக்கப்பும், 2011-ல் வந்த அசோக் லேலண்டின் 'தோஸ்த்'தும் நமது கடை வாசல்களில் இடம் பிடித்தன. கிரேட் காட்டன் சாலையிலோ கடற்கரைச் சாலையிலோ காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால், நமது வியாபாரம் எந்தச் சக்கரத்தின் மேல் ஓடுகிறது என்பது விளங்கும்.

யானை வாங்கிய நாம் தீனிக் கணக்கு வைத்திருக்கிறோமா என்பதுதான் இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைப்பதற்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் நாம். ஆனால், "உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது?" என்று கேட்டால், "டிரைவரைத்தான் கேட்க வேண்டும்" என்கிறோம். டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2014 அக்டோபரில் நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாற்றப்படும் முறை நாடு முழுவதும் வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்தபோது டீசல் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே டீசலுக்கு நாம் கொடுக்கும் வரியை, மற்றக் கொள்முதல்களைப் போல், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழி கிடையாது. வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் நேராக நமது லாபத்திலிருந்துதான் போகிறது.

எனது அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கு ஒரு பிக்கப் வாங்கினேன். எல்லோரும் செய்வதைப் போலவே நானும் செய்தேன். பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்பிப் பக்கப் பலகைகளை உயர்த்தினேன். மேலே தார்ப்பாய் போட உயரமான இரும்புச் சட்டம், கேபின் தலையில் கேரியர், முன்பக்கம் கனத்த இரும்புக் கம்பி, பின்பக்கம் கூடுதலாக இரண்டு பட்டை, ஒரு அளவு பெரிய டயர் என்று எல்லாம் சேர்ந்தன. பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது.

வாங்கிய புதிதில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, 11-க்கு இறங்கிவிட்டது. நான் முதலில் சந்தேகப்பட்டது டிரைவரை. "அண்ணாச்சி, வண்டிதான் குடிக்குது, நான் என்ன செய்ய?" என்றார் அவர். நான் நம்பவில்லை. பலர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மறுநாள் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. புதிய டிரைவர் வந்தார். அவரிடமும் அதே 11-தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழக்கமான ஒரு மெக்கானிக் வழி காட்டினார். திருநெல்வேலி சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போனோம். சாலையில் 50 கிலோமீட்டர் கடந்தபோது வண்டியின் மீட்டர் 47 என்றே காட்டியது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும். மீட்டரோ பழைய டயர் அளவில்தான் கணக்குப் பண்ணும். ஆக, உண்மையான மைலேஜ் 11 அல்ல, 11.7. அடுத்து, வண்டியை நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தோம். பின்சக்கரம் ஒன்றில் கை வைக்க முடியாத சூடு. உப்பு மூட்டைகளிலிருந்து கசிந்த நீர் இறங்கி, பிரேக் துருப்பிடித்து, விடாமல் உரசிக்கொண்டிருந்தது. உப்பள ஊரில் வண்டி வைத்திருக்கும் நமக்கு இது புதிய சங்கதி அல்ல என்றாலும், டீசல் இந்த வழியாகவும் போகும் என்று நான் எண்ணியதில்லை. பிரேக்கைச் சரிசெய்து, உயரச் சட்டத்தையும் கேரியரையும் முன்கம்பியையும் கழற்றிவிட்டு, பழைய அளவு டயரையே போட்டபின் 13.5 வந்தது.

இதை ரூபாயாக்கிப் பார்ப்போம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 11.7-க்கும் 13.5-க்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு 34 லிட்டர். ரூபாயில் 3,100-க்கு மேல், ஆண்டுக்கு 37 ஆயிரத்துக்கு மேல். இது ஒரே ஒரு வண்டியின் கணக்கு.

பழைய டிரைவரைத் தேடிப் போய் என் தவறைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வேறு இடத்தில் வேலையில் அமர்ந்துவிட்டார். திருடாத ஒருவரைத் திருடன் என்று சொன்ன குறையை எந்த லாபக் கணக்கிலும் கழிக்க முடியாது. கணக்கு வைக்காத முதலாளி முதலில் இழப்பது டீசலை அல்ல, நல்ல ஆளை.

இரும்புக்கு வாடகை கிடையாது

நமது கடலில் 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு விரைவாக அடியில் இறங்குவார். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். சுமை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாமோ கல்லைக் கட்டிக்கொண்டே ஏறவும் பார்க்கிறோம்.

முக்கால் டன் வண்டியில் 150 கிலோ கூடுதல் இரும்பை ஏற்றிவிட்டால் சரக்குக்கு மிஞ்சுவது 600 கிலோ. ஐம்பது கிலோ மூட்டைகள் மூன்று, போகும்போதும் வரும்போதும், ஆண்டு முழுவதும் வாடகை இல்லாமல் பயணம் செய்வதற்கு இது சமம்.

எடையைவிட மோசமானது உயரம். வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் காற்று எதிர்ப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் வீசும் மேல்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் கச்சான் என்கிறார்களே, அதுதான். அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, படபடக்கும் தார்ப்பாயுடன் திருநெல்வேலி நோக்கிப் போகும் வண்டி, டீசலைக் குடிக்காமல் என்ன செய்யும்? சரக்கின் உயரத்துக்கே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் செலவு இல்லாமலே மிச்சம் உண்டு. பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும் என்று சிலர் காலி வண்டியை அப்படியே ஓட்டுகிறார்கள். வெளிநாடுகளில் பிக்கப்புகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதனால் லாபம் தென்படவில்லை. மூடிய தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக நின்றுவிட, மேலே வரும் காற்று அதன் மேல் வழுக்கிப் போகிறதாம்.

எல்லா மாற்றமும் வீண் என்று சொல்ல வரவில்லை. மீன் கொண்டுபோகும் வண்டிக்குக் குளிர் காக்கும் பெட்டி அவசியம். அது கனம்தான். ஆனால் அதற்குப் பலன் உண்டு. தொழிலுக்கு வேண்டியது எது, தோற்றத்துக்கு வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், டாங்கில் ஊற்றும் மருந்து என்று 'மைலேஜ் கூட்டும்' சாமான்களைக் கொண்டுவந்து விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்தது. மிகச் சிலவற்றைத் தவிர எதிலும் பலன் இல்லை. பழைய வண்டிகளில் டீசல் பம்பைத் திருகி இழுவை கூட்டுவார்கள், கறுப்புப் புகைதான் மிச்சம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எல்லாம் மின்னணுக் கட்டுப்பாடு. அதில் கை வைத்தால் செலவு டீசலோடு நிற்காது.

ஓவர்லோடு யார் குற்றம்?

கூடுதல் பட்டை எதற்குப் போடுகிறோம்? ஓவர்லோடு ஏற்றத்தான். இதில் உண்மையை மறைக்கக் கூடாது. ஒரே நடையில் அதிகம் ஏற்றினால் மூட்டைக்கு ஆகும் டீசல் குறையத்தான் செய்யும். அந்த ஆசைதான் நம்மை இழுக்கிறது. ஆனால் டயர், பிரேக், ஆக்சில், கிளட்ச் தேய்மானத்தையும், விபத்து நடந்தபின் காப்பீட்டில் எழும் வழக்கையும் அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. பிரேக் பிடிக்காமல் போகும் ஒரு நாளின் விலையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்பவரும் அனுமதிப்பவரும் பொறுப்பாளி என்று சட்டம் சொல்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. முன்பக்க இரும்புக் கம்பிகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சொந்த வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டும் தம்பிமார்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். "இன்னும் பத்து மூட்டை போடுப்பா, உனக்கென்ன?" என்று சொல்கிறவர்கள் நாம்தான். மறுத்தால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். மாதத் தவணை கட்ட வேண்டியவர் வாய் திறக்க மாட்டார். சோதனையில் சிக்கினால் அபராதம் அவர் தலையில். இது நியாயமான வியாபாரம் என்று யாரும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடும் மைலேஜ் பொய்யல்ல. ஆனால் அது உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு, குறித்த வேகத்தில் சோதனைச் சாலையில் எடுத்த கணக்கு. அங்கே மேல்காற்று இல்லை, இரண்டாம் கேட்டில் ரயிலுக்குக் காத்திருப்பது இல்லை, குடோன் வாசலில் எஞ்சின் அணைக்காமல் நிற்பதும் இல்லை. நம் வண்டியின் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்களுக்கும் நமது சங்கச் செயற்குழுவுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

1. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். ஒரே பங்க்கில் டாங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி அங்கேயே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒருமுறை போதாது. நான்கைந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். காற்றின் திசை மாறுவதால் போக, வர இரண்டையும் சேர்த்தே பாருங்கள். டயர் அளவு மாறியிருந்தால் முதலில் மீட்டரைச் சாலைக் கற்களோடு ஒப்பிடுங்கள்.

2. வாரம் ஒருமுறை டயர் காற்று. உப்பு, கருவாடு ஏற்றிய நாளில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுதல். நீண்ட ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரமும் சூடாகியிருக்கிறதா என்று பார்த்தல். இவற்றை டிரைவர் கடமையாக மட்டும் விடாமல் நாமும் கண்காணிக்க வேண்டும்.

3. பாடி கட்டும்முன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைப் பாருங்கள். கட்டியபின் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி எடுத்த சீட்டை நோட்டில் ஒட்டி வையுங்கள். வித்தியாசம் கண்ணில் படும்.

4. திரும்பு லோடு. இதுதான் முக்கியமானது. இங்கிருந்து திருநெல்வேலிக்கோ கோவில்பட்டிக்கோ சரக்கு இறக்கிவிட்டு நமது வண்டிகள் காலியாகத் திரும்புகின்றன. அதே நேரம் அங்கிருந்து சரக்கு கொண்டுவர வேறொரு உறுப்பினரின் வண்டி காலியாகப் போகிறது. எந்த வண்டி எங்கே, எப்போது காலி என்று ஒருவருக்கொருவர் தெரிவிக்க நமது சங்கம் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு பலகையும், உறுப்பினர்களின் கைபேசிகளில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். ஓவர்லோடில் நாம் தேடும் மிச்சம் இதில் நேர்வழியில் கிடைக்கும்.

5. வாடகை வண்டிக்காரர்களிடம் ஆர்.சி. எடைக்கு மேல் ஏற்றச் சொல்ல மாட்டோம் என்று நமது அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வர வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அவர் நஷ்டப்படுவார். எல்லோரும் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான்.

டீசல் விலை நம் கையில் இல்லை. சுங்கச்சாவடிக் கட்டணமும் நம் கையில் இல்லை. வண்டியின் மேல் நாமே ஏற்றி வைத்திருக்கும் வீண் சுமையை இறக்குவது நம் கையில்தான் இருக்கிறது. உறுப்பினர்கள் மூன்று மாதம் கணக்கு எழுதிப் பார்த்து, தாங்கள் கண்டதை இந்த இதழுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். என் கணக்கு தவறு என்று ஒருவர் காட்டினாலும் மகிழ்ச்சிதான். அதற்காகவாவது அவர் ஒரு நோட்டு போட்டிருப்பார் அல்லவா!