பிள்ளை என்னும் பட்டம்

குற்றாலச் சாரற் காலத்தில் தென்காசிப் பிள்ளையும் கொல்லத்துப் பிள்ளையும் ஒரே அருவியில் நீராடக் காண்கிறோம். இருவரும் உறவினரல்லர். இங்கே அது வேளாளர் பட்டம். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூர் மன்னர் நாயர்களுக்கு வழங்கிய பட்டம். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய தமிழரிடையே ‘பிள்ளே’ என மருவிற்று. சொல்லின் மூலப்பொருளோ மகவு என்பதே. தெலுங்கிலும் ‘பில்ல’ குழந்தைதான். குழந்தையைச் சுட்டிய சொல் குலத்தைச் சுட்டலாயிற்று, விந்தையே!

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராது எல்லோரோடும் பழகினார். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைத் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே வழங்கி வந்தோம். 2022 மே 15இல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பெற்றபோது, சாதிப் பட்டம் நீங்கித் தேவசகாயம் என்றே அழைக்கப்பெற்றார். நம்மவருள் சிலர் இன்றும் சேர்த்தே சொல்கின்றனர்.