நாற்காலி யார் பொறுப்பு?

துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு, உட்காரும் உரிமையை கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டமாக்கின. இருக்கை முதலாளியின் தயவல்ல, அவர் தந்தே ஆகவேண்டிய வசதி என்பது அதன் பொருள். அதே பாதுகாப்பு, கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கும் வேண்டும். டிடிபி கடையிலும் இ-சேவை மையத்திலும் கணக்கு அலுவலகத்திலும் இவர்களுக்கு நாற்காலி கிடைக்காமல் இல்லை. ஆனால் கிடைப்பது பல இடங்களில் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்து வலிக்கிறது என்றால், ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நிமிர்ந்து உட்கார மேசை இடம் கொடுக்க வேண்டுமே. நம் அலுவலக மேசைகள் ஏறக்குறைய 75 செ.மீ. உயரம். தட்டச்சு செய்யும்போது தோள் தளர்ந்து, விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் சாதாரண நாற்காலியில் அமர்ந்தால், மேசைப் பலகை அவர் முழங்கைக்குச் சில அங்குலம் மேலே நிற்கும். தோளைத் தூக்கியபடியேதான் அவர் தட்டச்சு செய்ய வேண்டும். நாற்காலியை உயர்த்தினால் கால் தரையில் பாவாது. அதற்கொரு கால்பலகை வேண்டும். மடிக்கணினியின் சிக்கல் வேறு. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கையைத் தூக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலும் இது தீராது. தனி விசைப்பலகையும் மவுஸும் சில நூறு ரூபாய்தான். திரையை உயர்த்த நான்கு தடித்த புத்தகங்கள் போதும். சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதத்தை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணினியால்தான் வலி வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்குத் தட்டச்சு எந்த அளவு காரணம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் அசையாமல் ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் தசை இறுகி வலிக்கும் என்பதிலோ, திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலரும் என்பதிலோ பெரிய சந்தேகம் கிடையாது. இதற்கு விதி எழுத முயன்ற நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 2000-இல் வந்த, உடலுக்கு ஏற்ற பணியிட வசதிக்கான விதியை, செலவைக் காரணம் காட்டி 2001-இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது. ஐரோப்பா அந்த வழியில் போகவில்லை. அங்கே 1990-லேயே திரைப் பணிக்கென்று தனி நெறிமுறை வந்தது. அதையொட்டி பிரிட்டன் 1992-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பணியிடத்தை ஆராய்வதும், ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்குப் பணம் கொடுப்பதும் முதலாளியின் கடமை.

இடைவேளைக்கு வழிசெய்வதும் அதே விதிகளில் இருக்கிறது. நமக்கு மிக அவசரமானது அதுதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தட்டச்சு செய்பவர் எழுந்து நடக்கும் ஐந்து நிமிடம் அவருடைய வருமானத்திலிருந்து போகிறது. ‘அடிக்கடி எழுந்திருங்கள்’ என்று அவரிடம் சொல்வதைவிட, அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலியைக் கணக்கிட வேண்டும் என்று விதி எழுதலாம்.