சுவர் இடிந்தது, சாதி இடிந்ததா?

வில்லியனூருக்குப் பெருவிழா இரண்டு. வைகாசித் திங்களில் திருக்காமீசுவரர் தேர் அசையும். வடம் பிடிக்க அன்று பிரெஞ்சுக் கவர்னர் வந்தார், இன்று துணைநிலை ஆளுநர் வருகிறார். ஈஸ்டர் கழிந்ததும் லூர்து மாதா கோயிலில் கொடி ஏறும். 1877-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த மாதா சிலையின் முன்னே பாகூர் ஏரிக்கரை உழவனும் நிற்கிறான், நெற்றி நிறையத் திருநீறு பூசியவனும் நிற்கிறான். நீ யார், எந்த மதம் என்று மாதா கேட்டதில்லை.

மாதா கேட்கவில்லை, மனிதன் கேட்டான்! மதத்தைக்கூட அல்ல, சாதியைக் கேட்டான். எங்கே? சிற்றூர்ச் சாவடியிலா? இல்லை. புதுவை நகரின் தலைமைப் பேராலயத்திலே, சம்பா கோயிலிலே!

இன்று மிஷன் வீதியில் ஓங்கி நிற்கும் கோயில் 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்ததை 1761-இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். தகர்ந்த அந்தக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. சேரி மக்களைச் சாதிக் கிறித்தவரிடமிருந்து பிரித்த சுவர்! நான் கதை கட்டவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் அந்தச் சுவரைக் கண்டார். சேரி மக்கள் திரண்டு சென்று பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டனர்: நாங்களும் உம் சீடர்கள்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு? நியாயம் வென்றது, சுவர் இடிந்தது. சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுக் கொடியின் கீழே, சமத்துவம் கேட்டவன் நம் சேரித் தமிழன்.

கோயில் செய்த நன்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று ஊர் ஏளனம் செய்த காலத்தில், 1844-இல், துப்புயி அடிகளார் புதுவையில் தமிழ்ப் பெண்களைக் கொண்டே கன்னியர் சபை அமைத்துப் பெண் கல்விக்கு வழி திறந்தார். அதே மிஷனின் அச்சகம் தமிழ் அகராதி தந்தது. பள்ளியும் மருத்துவமனையும் தந்த கைகளை வணங்குகிறோம்.

ஆனால், கல்லால் கட்டிய சுவர் விழுந்தது. கருத்தில் கட்டிய சுவர்? இதே புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர் தாக்கப்பட்டனர். போலீசார் சுட்டனர், இருவர் மாண்டனர். ஒரே மாதாவின் பிள்ளைகளிடையே இரத்தம்!

கோயில் கட்டிய சுவர் போதாதென்று சட்டமும் ஒன்று கட்டியது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை, புதுவைக்கென 1964-இல் வந்த ஆணை, இரண்டும் மதம் பார்த்தே உரிமை வகுத்தன. சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறித்தவருக்குத் திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவன் சேரியிலேதான் இருக்கிறான். இழிவும் உடன் இருக்கிறது. சலுகை மட்டும் பறந்துவிடுகிறது! என்னே நியாயம்! 2022-இல் ஒன்றிய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆலயத்துக்குள்ளே ஆயர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று. டில்லியிலே ஆள்வோர் தீர்க்க வேண்டிய கணக்கு மற்றொன்று. ஒருவரைக் காட்டி மற்றவர் தப்ப முடியாது. பேராலயத்தின் பெருமையைக் கோபுரத்தின் உயரம் காட்டாது. கடைசி வரிசையில் நிற்பவன் முதல் வரிசைக்கு நடந்து செல்லும் நாளே அதைக் காட்டும். 1745-இல் திரண்டு சென்ற அந்த மக்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லட்டும்; பிறகு மணி ஒலிக்கட்டும்!