கொச்சிக்கு ஒரு பழங்குடி சட்ட ஆய்வு மையம் வேண்டும்

கொச்சியில் சட்டம் படிக்க இடத்துக்குக் குறைவில்லை. எர்ணாகுளத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. களமசேரியில் 2005-இல் உருவான நுவால்ஸ் சட்டப் பல்கலைக்கழகம், குசாட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி ஆகியவை இருக்கின்றன. மாநில உயர் நீதிமன்றமும் இங்கேதான். தெற்கே தேவராவில் 1944 முதல் நடக்கும் சேக்ரட் ஹார்ட் போன்ற கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். கேரளப் பழங்குடியினரின் நிலத்தையும் காட்டையும் பற்றிய பெரிய வழக்குகளும் இந்த ஊருக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த வழக்குகளை அவர்கள் பக்கம் நின்று, ஆட்சி மாறினாலும் விடாமல், பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழக மையம் இந்நகரத்துக்கு வேண்டும். அதைப் பழங்குடியினரே நடத்த வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரே ஒரு சட்டத்தின் கதை போதும். பழங்குடியினரிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதற்கான சட்டத்தைக் கேரள சட்டமன்றம் 1975-இல் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வந்ததோ 1986-இல். 1988-இல் டாக்டர் நல்லதம்பி தேரா உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1993-இல் நீதிமன்றம், தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்களை ஆறு மாதத்துக்குள் முடியுங்கள் என்று உத்தரவிட்டது. அரசு அவகாசம் கேட்டது, பிறகு மீண்டும் கேட்டது. 1996-இல் சட்டத்தையே திருத்தப் புறப்பட்டது. சட்டமன்றத்தில் அதை எதிர்த்தவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர் மட்டுமே. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வேளாண் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வருவது, டெல்லிக்குப் போகத் தேவையில்லை என்ற வழியைக் கண்டுபிடித்து 1999-இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி, இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் நிலத்தைத் திருப்பித் தர வேண்டாம். இழந்தவருக்கு வேறெங்காவது மாற்று நிலம் தரப்படும். 2009-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

மீட்பு என்று தொடங்கிய சட்டம் 34 ஆண்டுகளில் மாற்று நிலம் என்று முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அரசுக்கு யோசனை சொல்லத் தேர்ந்த சட்ட மூளைகள் இருந்தன. பழங்குடியினர் பக்கம் ஒரு மனுதாரரும், கிடைத்த நேரத்தில் வாதாடிய வழக்கறிஞர்களும் இருந்தார்கள். இதற்கிடையே நீதிமன்றத்தின் வழி அடைபட்டபோது தெருவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. 2001-இல் சி.கே. ஜானு தலைமையில் திருவனந்தபுரத்தில் குடில் கட்டி 48 நாள் போராடி ஒப்பந்தம் பெற்றார்கள். அது நடைமுறைக்கு வராததால் முத்தங்கா காட்டுக்குள் புகுந்தார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் துப்பாக்கி பதில் சொன்னது. ஓர் ஆதிவாசியும் ஒரு காவலரும் அன்று உயிரிழந்தனர்.

ஆய்வு என்றதும் பழங்குடி ஊர்களில் ஒரு சலிப்பு எழுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. கொச்சி சமஸ்தானத்தின் இன ஆய்வுப் பொறுப்பில் இருந்த பாலக்காட்டுத் தமிழர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், சமஸ்தானத்தின் குடிகளையும் சாதிகளையும் பற்றிய இரண்டு தொகுதிகளை 1909-இலும் 1912-இலும் வெளியிட்டார். காடர் பழங்குடியினர் அதில் விரிவாக இடம்பெற்றார்கள். அரிய உழைப்பு அது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதே காலத்தில், 1907-இல், பரம்பிக்குளம் காடுகளின் மரத்தைச் சாலக்குடிக்கு இறக்க சமஸ்தானம் டிராம் பாதை போட்டுவிட்டது. பின்னர் அதே மலைகளில் அணைகள் எழுந்தன, காடர்கள் இடம்பெயர்ந்தார்கள். காடரின் சடங்கும் மணமுறையும் எழுதிவைக்கப்பட்டன. அவருடைய காட்டை எந்தச் சட்டத்தின் பெயரால் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி எழுதப்படவே இல்லை. நாம் கேட்கும் மையம் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய வேண்டும். மக்களைப் போதுமான அளவு ஆராய்ந்தாகிவிட்டது. இனி சட்டத்தை ஆராய வேண்டும்.

அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் காடர்களே சான்று. 2006-இன் வன உரிமைச் சட்டத்தின்படி, வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் ஊர்கள் 2014-இல் சமூக வன வள உரிமை பெற்றன. அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் மிரட்டியபோது அவர்கள் கையிலிருந்த வலுவான ஆயுதம் இதுதான். கிராம சபை, எல்லை வரைபடம், தீர்மானம், உரிமைப் பத்திரம் என்று ஒவ்வொரு காகிதமும் பிழையின்றி அமைந்தால்தான் அந்த ஆயுதம் வெட்டும். அந்த வேலைக்கு ஊர் மூப்பனின் நினைவும் வேண்டும், சட்டம் படித்தவரின் கையும் வேண்டும்.

தெற்கே காணிப் பழங்குடியினரின் அனுபவம் வேறு பாடம். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் வழிகாட்டியாகச் சென்ற காணிகள், களைப்பு தெரியாமல் நடக்க உதவும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. உலகம் இதை முன்மாதிரி என்று பாராட்டியது, பாராட்டத் தக்கதுதான். ஆனால் மருந்தின் காப்புரிமையை யார் பெயரில் எழுதுவது என்று முடிவெடுத்த மேசையில் காணிகளுக்காகப் பேச ஒரு சட்ட ஆலோசகர் இருந்திருந்தால், பங்கு கேட்கும் இடத்தில் நிற்காமல் உரிமையாளராக உட்கார்ந்திருப்பார்கள்.

தமிழ் வாசகருக்கு இது அண்டை வீட்டு விஷயம் இல்லை. காடரும் இருளரும் காட்டுநாயக்கரும் பணியரும் மாநில எல்லைக்கு இருபுறமும் வாழ்கிறார்கள். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர் கேரளத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. அதனால் 1996-இன் பெசா சட்டம் தரும் கிராம சபை அதிகாரம் இரு மாநிலப் பழங்குடியினருக்கும் எட்டவில்லை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடியினர் மீது அதிகாரிகள் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். அட்டப்பாடியில் 2018-இல் மது என்ற பழங்குடி இளைஞரை அடித்துக் கொன்ற வழக்கில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள், அரசு வழக்கறிஞர்கள் மாறினார்கள்; 2023-இல்தான் தண்டனை வந்தது. பழங்குடி வழக்குகளில் சாட்சிகள் ஏன் நிலைப்பதில்லை, ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று இரு மாநில நீதிமன்றப் பதிவேடுகளையும் சேர்த்து வைத்துப் படிப்பது ஒரு மையத்தின் முழுநேர வேலை.

கோழிக்கோட்டில் கிர்த்தாட்ஸ் ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, உதகை பாலாடாவில் பழங்குடி ஆய்வு மையம் இருக்கிறதே என்பார்கள். இரண்டும் அரசின் கீழ் இயங்குபவை. அரசே எதிர்த்தரப்பாக நிற்கும் வழக்கில் அவற்றால் பழங்குடியினருக்காக வாதம் கட்ட முடியாது. ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தை நிலம் வாங்கக் கொடுங்கள் என்ற வாதத்தை மதிக்கிறோம். ஆனால் கொடுத்த நிலத்தைக் காப்பதற்கும் காகிதம் வேண்டும்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் 2018-இல், அந்நாட்டுப் பொதுச் சட்டத்தையும் பூர்வகுடிகளின் சொந்தச் சட்ட மரபுகளையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டப் படிப்பைத் தொடங்கியது. மாணவர்கள் பூர்வகுடி ஊர்களுக்குச் சென்று அங்கேயும் பயில்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தங்களை ஆராய வருபவர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். ஊர்க்கூட்டமும் மூப்பனும் வழக்காறும் உள்ள நம் மலைகளில் இது முடியாத காரியமா?

நுவால்ஸும் குசாட்டும் சேர்ந்து, தமிழ்நாட்டின் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தையும் அழைத்துக்கொண்டு இதைத் தொடங்கலாம். ஆட்சிக் குழுவில் பெரும்பான்மை பழங்குடியினராக இருக்க வேண்டும். எதை ஆராய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் அந்தந்த ஊர்க்கூட்டத்தின் சம்மதத்தோடு தொடங்கி, அந்த ஊரின் பேச்சிலேயே அங்கு திரும்பி வர வேண்டும். பழங்குடி மாணவர்கள் தகவல் கொடுப்பவர்களாக மட்டும் நின்றுவிடாமல், ஊதியம் பெறும் ஆய்வாளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் அங்கிருந்து எழ வேண்டும். அரசு நிதி தரட்டும். ஆய்வு முடிவுகளில் கை வைக்கும் அதிகாரம் அதற்கு இருக்கக் கூடாது.

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 4.85 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வாக்குக் கணக்கில் அவர்களுக்கு எடை குறைவு என்பதால்தான் சட்டத்தில் எடை வேண்டும். கேரள அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இந்த மையத்துக்கு நிதி ஒதுக்க வேண்டும். 1975 சட்டத்தின் கீழ் வந்த ஒவ்வொரு நில மீட்பு விண்ணப்பமும் என்ன ஆனது என்ற முழுப் பதிவேட்டையும் முதல் வேலையாக அதன் கையில் ஒப்படைக்க வேண்டும்.