பென் டிரைவ்ல போட்டா போர்ட்டபிளா? போங்கய்யா!

"ஒரே ஒரு இஎக்ஸ்இ ஃபைல்தான், இன்ஸ்டால் பண்ணவே வேணாம், அதனால இது போர்ட்டபிள்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே.

ஒரு தடவை கஸ்டமர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என் பென் டிரைவைச் சொருகி வேலையை முடிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே மெஷின்ல உக்காந்தா, என் செட்டிங்ஸ் எல்லாம் அங்கேயே பல்லை இளிச்சுக்கிட்டு இருக்கு. இன்னொரு கஸ்டமரோட சர்வர் பேர் உட்பட! டிரைவை மட்டும் பத்திரமா உருவிட்டு வந்து என்ன பிரயோசனம்?

விண்டோஸ்ல புட்டியை எடுத்துக்குங்க. அருமையான மென்பொருள், மறுக்கலை. ஆனா சேமிச்ச செஷன், ஹோஸ்ட் கீ எல்லாம் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போகும். துடைக்கணும்னா 'கிளீனப்' ஆப்ஷன் கொடுத்து ஒருமுறை ஓட்டணும். நம்மள்ல எத்தனை பேர் ஓட்டுறோம்? சிஸ்இன்டர்னல்ஸ் டூல்கள்கூட, நீங்க லைசென்ஸுக்குத் தலையாட்டினதை ரெஜிஸ்ட்ரியில குறிச்சு வெச்சுக்கும்.

முடியாத காரியமா இது? நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸைப் பாருங்க. 'டூலோக்கல்கான்ஃப்.எக்ஸ்எம்எல்'னு ஒரு காலி ஃபைல் பக்கத்துல இருந்தாப் போதும், செட்டிங்ஸைத் தன் ஃபோல்டர்லயே வெச்சுக்கும்.

என்னைக் கேட்டா மூணே விதி. எழுதுறதை டிரைவ்லயே எழுதணும். வீட்ல 'இ', ஆபீஸ்ல 'ஜி'ன்னு டிரைவ் எழுத்து மாறினாலும் முழிக்கக் கூடாது. அட்மின் பாஸ்வேர்டு கேக்கக் கூடாது. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் 'இன்ஸ்டால் தேவைப்படாதது'ன்னு சொல்லிட்டுப் போங்க. போர்ட்டபிள்னு மட்டும் பீலா விடாதீங்க.

என்ன, நாஞ்சொல்றது சரிதானே?