இல்லத்து இறுவட்டு இடறுவது ஏன்?

மணவறையிலே மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கின்றார். கெட்டிமேளம் முழங்குகின்றது. சபையோர் அட்சதை தூவக் கையை உயர்த்துகின்றனர். அந்த வேளை பார்த்துத் திரையிலே படம் சதுரம் சதுரமாகச் சிதறுகின்றது, மேளம் விக்குகின்றது, பின்னர் யாவும் உறைந்து நின்றுவிடுகின்றன. வீட்டிலே பதிவு செய்த டி.வி.டி. இறுவட்டுக்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. இப்பிணியின் காரணங்களையும், அதைத் தீர்க்கும் வழிகளையும் இவ்வாரம் ஆராய்வோம்.

டி.வி.டி. பிளேயர் 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் வீட்டுக் கணினியிலேயே இறுவட்டைப் பதியும் வசதியும் பரவிற்று. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று நம்மவர் வாழ்வின் நன்னாட்கள் பலவும் இவ்வட்டுக்களில் ஏறின. இன்றோ புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டைச் செருகும் இடமே இல்லை. படம் பிடித்தவரிடம் மூலநாடா இன்னும் இருக்கும் என்று நம்பியிருப்பதும் வீண். அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே அலுமாரியில் உறங்கும் அந்த ஒரு வட்டே அந்த நாளின் ஒரே சாட்சியாக இருத்தல் கூடும். இடப்பெயர்வுகளில் படத்தொகுப்புக்களை இழந்த குடும்பங்களுக்கு இதன் பெறுமதியை நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

அச்சிட்ட வட்டும் எழுதிய வட்டும்

கடையில் வாங்கும் திரைப்பட வட்டும் வீட்டில் பதிந்த வட்டும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினும் அமைப்பிலே வேறானவை. திரைப்பட வட்டிலே நுண்ணிய குழிகள் தொழிற்சாலையில் அச்சாக அழுத்தப்படுகின்றன. வீட்டு வட்டிலோ ஒரு மெல்லிய சாயப்படலம் உண்டு. பதியும் கருவியின் லேசர் ஒளி அச்சாயத்தைச் சூடாக்கிப் புள்ளி புள்ளியாக அதன் தன்மையை மாற்றுகின்றது. அம்மாற்றத்தையே பிளேயரின் சிவப்பு லேசர் பின்னர் குழியெனக் கொண்டு படிக்கின்றது. சாயமாதலால் வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனை நாளடைவில் கெடுக்கும். அழித்து எழுதத்தக்க வட்டுக்களிலே சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை உண்டு. அது ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் அத்தகைய வட்டைப் படிக்க இடர்ப்படுவதற்கு அதுவே காரணம்.

முதலில் நோயை அறிக

வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பது போல, நாமும் முதலில் பிணி எங்கே உள்ளதென அறிதல் வேண்டும். அது மூன்று இடங்களில் இருக்கலாம்: பிளேயரில், வட்டில், அல்லது வட்டில் ஏற்றிய பதிவில்.

நன்றாக ஓடும் வேறொரு வட்டை அதே பிளேயரில் இடுக. அதுவும் இடறினால் பிளேயரின் கண்ணாடி வில்லையில் தூசி படிந்திருக்கலாம். அல்லது அதன் லேசர் தளர்ந்திருக்கலாம். அது நன்றாக ஓடினால் குறை நம் வட்டைச் சார்ந்தது. அடுத்து, அவ்வட்டைக் கணினியில் இட்டு, அதிலுள்ள ‘வீடியோ ரி.எஸ்.’ என்னும் கோப்புறையை முழுமையாக வன்தட்டுக்குப் பிரதி செய்க. பிரதி ஓரிடத்தில் மந்தமாகி நின்றாலோ, பிழையென்று அறிவித்தாலோ வட்டு பழுதுற்றுள்ளது என்பது தெளிவு. தடையின்றிப் பிரதி ஏறி, வன்தட்டிலிருந்து ஓட்டும்போது படமும் சீராகச் சென்றால் பதிவில் குறையில்லை; பிளேயருக்கே இவ்வட்டைப் படிப்பது கடினமாக உள்ளது எனலாம். வன்தட்டிலிருந்து ஓட்டியபோதும் அதே இடத்தில் அதே வகையாய் இடறினால் குறை பதிவிலேயே உள்ளது. அப்படியாயின் வட்டை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை.

வட்டின் பிணி

சதுரச் சிதறல், உறைதல், ஒலி அறுதல் ஆகியவை குறித்த சில இடங்களில் மட்டும் தோன்றுவது வட்டின் பிணிக்கு அடையாளம். டி.வி.டி.யின் பதிவு நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்வது. ஆதலால் படத்தின் தொடக்கம் நன்றாயிருந்து பிற்பகுதி மாத்திரம் இடறினால் வட்டின் வெளிவிளிம்பை நோக்குக. விரல் பதிவதும் அங்கேதான். சாயம் ஒரு சீராகப் படியாதிருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. மென்மையான பருத்தித் துணியைத் தூய நீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் தேய்த்தல் ஆகாது. காரணம் யாதெனில், சிறு பழுதுகளை ஈடுசெய்யும் கணிதக் குறிகள் பதிவோடு பதிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன. தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிப்பதால் அக்குறிகள் அதனை ஈடுசெய்துவிடும். தடத்தின் வழியே நீளமாகச் செல்லும் கீறலோ தொடர்ந்து பலவற்றை அழித்துவிடுகின்றது. எண்ணெய்ப் பசை இருப்பின் மென்மையான சவர்க்கார நீர் போதும். பற்பசை பூசித் தேய்த்தால் கீறல் மறையும் என்று சிலர் சொல்லுவர். பிரதி எடுப்பதற்கு முன்னர் அத்தகைய சோதனைகளில் இறங்குதல் தகாது.

வட்டின் மேல் காகித முகப்பு ஒட்டுவது மற்றொரு தவறு. காகிதம் சிறிது விலகி ஒட்டப்பட்டாலும் வேகமாகச் சுழலும் வட்டு நிறை தவறி அதிரும். பெயர் எழுத வேண்டின் மென்முனைப் பேனாவினால், நீர் சார்ந்த மையைக் கொண்டு எழுதுக. டி.வி.டி. என்பது 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு தகடுகளை ஒட்டி ஆக்கியது. பதிவு அவற்றின் இடையே உள்ளது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்து இழுத்தால் அவ்வொட்டு விரிவடைதல் கூடும்.

பதிவின் பிணி

இனிப் பதிவிலேயே உள்ள குறைகளைக் காண்போம். இவை நான்கு வகைப்படும்.

முதலாவது, அளவுக்கு மிஞ்சித் திணித்தல். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். பிட் கணக்கில் இது 37,600 மெகாபிட். மாணவர்கள் இதனை நேரத்தால் வகுத்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரப் படமாயின் செக்கனுக்கு ஏறத்தாழ 10.4 மெகாபிட் கிடைக்கும். இரண்டு மணிக்கு 5.2, மூன்று மணிக்கு 3.5; நான்கு மணிக்கு 2.6 மெகாபிட் மாத்திரமே. அசையாத காட்சிக்கு இது போதும். ஆனால் அட்சதையும் மலரும் பறக்க, ஓமப்புகை எழ, கூட்டம் அசையும் காட்சிக்கு இது போதாது. தாலி கட்டும் கணத்தில் படம் சதுரமாக உடைவதன் இரகசியம் பல வட்டுக்களில் இதுவே. காலை முகூர்த்தம் முதல் மாலை வரவேற்பு வரை ஒரே வட்டில் ஏற்றும் சிக்கனம் உண்மையிற் சிக்கனம் அன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வட்டு என்று கொள்க.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது: அளவுக்கு மிஞ்சிய தரம். டி.வி.டி. விதிப்படி படமும் ஒலியும் ஏனையவும் சேர்ந்து செக்கனுக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டலாகாது. படத்துக்கு மட்டும் உச்சம் 9.8. ஒருவர் படத்தை 9.8இல் வைத்து, ஒலியைச் சுருக்காமல் அப்படியே சேர்க்கின்றார் என்று கொள்வோம். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு. பெருக்கினால் ஒலிக்கு மாத்திரம் 1.5 மெகாபிட்டுக்கு மேலாகும். கூட்டினால் 11.3 மெகாபிட். விதி கூறும் எல்லையைத் தாண்டிவிட்டதால் பிளேயர் திணறுகின்றது. வட்டு மங்கலாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உச்ச அளவை 8 மெகாபிட்டுக்குள் அடக்கி, ஒலியை ஏ.சி.-3 முறையிற் சுருக்குவது நலம்.

மூன்றாவது, அரைப்படங்களின் ஒழுங்கு மாறுதல். நம் நாட்டுத் தொலைக்காட்சி கைக்கொண்ட பி.ஏ.எல். முறையிலே செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஓர் அரை, இரட்டை வரிகள் மற்றோர் அரை என இரண்டாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். கமரா கீழ்வரி அரையை முதலில் எடுத்திருக்க, பதிபவர் மேல்வரி முதலென்று கணினிக்குச் சொல்லிவிட்டால், பின்னே வர வேண்டிய அசைவு முன்னே வரும். நடப்பவர் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக நடுங்குவது போலத் தோன்றுவார். சுவரும் தூணும் சரியாயிருக்க, அசைவன மட்டும் நடுங்கினால் இக்குறையே என்று துணியலாம். மினி டி.வி. நாடாக் கமராக்கள் கீழ்வரியையே முதலாகக் கொள்வன. ஆகையால் அந்நாடாக்களிலிருந்து பதிந்தவற்றில் இக்குறையைக் காணலாம். பதியும் மென்பொருளில் ஒழுங்கைத் திருத்தி மீண்டும் ஆக்குவதே இதற்குப் பரிகாரம்.

நான்காவது, கடல் கடந்து வரும் வட்டுக்களின் பிணி. கனடா கைக்கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையிலே செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். ரொறன்ரோவில் உள்ள உறவினர் தம் மகளின் கலியாணப் பதிவை ஊருக்கு அனுப்புகையில், இங்கே ஓடவேண்டுமே என்ற அக்கறையுடன் பி.ஏ.எல். முறைக்கு மாற்றி அனுப்புவதுண்டு. எளிய மென்பொருள்கள் ஆறு படங்களுக்கு ஒன்றை நீக்கிவிட்டு 25 ஆக்கிவிடும். அப்பொழுது செக்கனுக்கு ஐந்து முறை அசைவு துள்ளும். கமரா மெல்லத் திரும்பும் இடங்களிலும் ஊர்வலக் காட்சிகளிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். நீக்கிய படத்தை மீட்க வழியில்லை. மாற்றாத மூலப்பிரதியைக் கேட்டுப் பெறுதலே தக்கது. நம் நாட்டிலுள்ள பிளேயர்களும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் இரு முறையையும் ஏற்கக்கூடியன. பிளேயரின் அமைப்புப் பட்டியலில் தன்னியக்கத் தெரிவை வைத்தாற் போதும்.

பிணியல்லாத சில

ஈரடுக்கு வட்டிலே ஓரடுக்கிலிருந்து மற்றதற்கு லேசர் தாவும்போது படம் ஒரு கணம் நிற்கலாம். அது ஒரே ஒரு முறை நிகழ்வது, குறையன்று. கணினியில் பார்க்கும்போது அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றினாலும் அஞ்ச வேண்டாம். இரண்டு அரைப்படங்களும் ஒருங்கே காட்டப்படுவதால் வருவது அது. வி.எல்.சி. போன்ற மென்பொருளில் அவ்வரிகளை ஒன்றிணைக்கும் தெரிவை இயக்கினால் அவை மறைந்துவிடும்.

காலந் தாழ்த்தற்க

புதிதாய்ப் பதிவோர் தரமான வட்டை வாங்குக. 16 மடங்கு வேகம் என்று குறித்திருப்பினும் 4 அல்லது 8 மடங்கில் பதிதல் நன்று. விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விடுக. ஆயினும் இன்று நம் முன்னுள்ள முதற்கடமை புதிய வட்டுப் பதிவதன்று. பழையதைக் காப்பாற்றுவதே ஆம்.

இடறும் வட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதியாது, அதனை வன்தட்டுக்குப் பிரதி செய்க. ஒரு கணினி படிக்க மறுத்த வட்டை மற்றொன்று படிப்பதுண்டு. ஆகவே இரண்டு மூன்று கருவிகளில் முயன்று பார்த்தபின்னரே கைவிடுதல் வேண்டும். டி.டி.ரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து முயலும். ஒரு பிரதி போதாது. இரண்டு பிரதிகள், இரண்டு இடங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வெளிநாட்டு உறவினர் வீட்டில் இருப்பின் இன்னும் நன்று. பிரதி எடுத்த பின்னரும் மூல வட்டை எறிந்துவிடாது, பெட்டியில் நிமிர்த்தி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்க.

இப்பணிக்கு வீட்டிலுள்ள மாணவர்களே தக்கவர்கள். விடுமுறை நாளொன்றில் அலுமாரியைத் திறந்து, வட்டுக்களை எண்ணி, எது எவருடைய வைபவம் என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு தொடங்கலாம். அவ்வட்டுக்களிலே அசைந்தும் பேசியும் நடமாடும் தாத்தாமாரும் அப்பம்மாமாரும் பலர் இன்று நம்மிடையே இல்லை. சாயம் மங்குமுன் அவர்களைக் கரையேற்றுவது நம் கையில் உள்ளது.